உடம்பு குறைஞ்சால் இந்தக் களைப்பும் போகுமோ?

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கித் தந்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

நீங்கள் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பாடசாலை ஆசிரியை. பின்னேரம் வீட்டிலேயே ரியூசன். இரண்டு பிள்ளைகள், சீனி வருத்தம் உள்ள மாமி, கொழும்பில் வேலை செய்து மாதம் ஒருக்கால் வந்துபோகும் கணவர். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த பெரியம்மா, முற்றத்தில் அத்தனை பேருக்கும் முன்னால், "என்ன பிள்ளை இப்பிடி உடம்பு வைச்சுப்போட்டாய், முந்தி எவ்வளவு வடிவா இருந்தனீ" என்றார். அன்றிலிருந்து கல்யாண வீடு, கோயில் எதற்கும் போக மனம் வரவில்லை. போன வருடம் பட்டினி கிடந்து குறைத்த நிறை திரும்பி வந்தது, கொஞ்சம் கூடவும் வந்தது. காலையில் எழும்பும்போதே களைப்பு, வகுப்பில் பிள்ளைகளில் எரிந்து விழுகிறீர்கள். இப்போது மகளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்க்கிறாள். நீங்கள் கேட்பது இது: உடம்பைக் குறைத்தால் இதெல்லாம் போகுமா? நிறையைக் குறைக்கச் சொல்லாமலே செய்கிற உளவளத்துணை ஒன்று இருக்கிறதாமே, அது உண்மையில் உதவுமா, அல்லது மனதைத் தேற்றுகிற கதையா?

உதவும். ஆனால் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் ஒரு நாளைப் பார்ப்போம். நீங்களே விரிவாக எழுதியிருக்கிறீர்கள்.

விடிய நாலரைக்கு எழும்பி மாக் குழைத்துப் புட்டு அவிக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, மாமிக்குக் குளிசை எடுத்து வைத்து, நீங்கள் மட்டும் வெறும் பிளேன்ரீயோடு ஸ்கூட்டியில் ஏறுகிறீர்கள், "காலமை சாப்பிடாட்டில் குறையும்" என்ற எண்ணத்தில். இடைவேளையில் கொப்பி திருத்தம். பாடசாலை விட்டு வந்து இரண்டு பிஸ்கட். பிறகு ரியூசன், பிறகு பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பிறகு அதிபர் வாட்ஸ்அப்பில் கேட்ட ஏதோ ஒரு படிவம். இரவு ஒன்பதரைக்குப் பிறகு, எல்லாரும் படுத்ததும், குசினியில் நின்றபடியே மிஞ்சிய புட்டு, பிள்ளைகள் விட்ட பாண், டப்பாவில் இருந்த பலகாரம் என்று கை போய்க்கொண்டே இருக்கிறது. "அதுக்குப் பிறகு எனக்கே என்னில அருவருப்பா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த நாளை மெலிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தாலும் அவளும் களைத்துத்தான் போவாள். அவளிடம் நாங்கள் "வேலை கூடிப்போச்சு, கொஞ்சம் ஓய்வெடு" என்று சொல்லுவோம். உங்களிடம் "உடம்பைக் குறை" என்கிறோம். ஒரே களைப்புக்கு இரண்டு விதமான பதில் கொடுப்பதால் உங்கள் உண்மையான பிரச்சினை பல வருடமாகக் கவனிக்கப்படாமலே கிடக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் இந்த எரிந்துபோன நிலைக்கு (burnout) தெளிவான விளக்கம் இருக்கிறது. அதை அவர்கள் ஒரு நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். அடையாளங்கள் மூன்று. சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் விலகி எரிச்சல் வருவது, எதைச் செய்தாலும் சரிவரவில்லை என்ற உணர்வு. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நிறை என்ற சொல் அந்த விளக்கத்தில் எங்கேயும் இல்லை.

இனி இரவுச் சாப்பாடு. அதை நீங்கள் மனக்கட்டுப்பாடு இல்லாத குணம் என்று நினைக்கிறீர்கள். 1944இலும் 45இலும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்தார். நாளுக்குக் கிட்டத்தட்ட 1570 கலோரி. கொஞ்ச நாளில் அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகிவிட்டது. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். எரிச்சல், சோர்வு, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் வந்தது. பட்டினி முடிந்த பிறகு பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் ஆண்கள், வாரத்துக்கு 22 மைல் நடந்தவர்கள், ஆகவே அந்த எண்ணை உங்களோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் பட்டினி போடப்பட்ட உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டியது. இப்போது கைபேசியில் பகிரப்படும் 1200 கலோரி அட்டவணைகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்த இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பகலெல்லாம் மறுக்கப்பட்ட சாப்பாட்டை உடம்பு இரவில் கேட்டு வாங்குகிறது, தங்கச்சி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்துப் பார்க்கிற உடற்திணிவுச் சுட்டிக்கு (BMI) 1972இல் அந்தப் பெயரை வைத்ததும் அதே கீஸ்தான். கணக்கு அவருடையதல்ல. 1830களில் கெத்தலே என்ற பெல்ஜியப் புள்ளிவிபரவியலாளர் மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்தபோது கண்ட சூத்திரம் அது. ஒரு தனி ஆளின் சுகத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. கூட்டத்தைப் பற்றிப் பேச அது உதவும். முன்னால் இருக்கிற ஒருத்தியின் குருதியையோ, நித்திரையையோ, மனதையோ அது சொல்லாது.

நிறையை அளவுகோலாக வைக்காத இந்த அணுகுமுறையை 2014இல் ட்ரேசி டில்காவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு கட்டுரையில் ஒழுங்காக வரையறுத்தார்கள். உடம்பு எந்தப் பருமனில் இருந்தாலும் அந்த ஆளுக்கு இன்றைக்கே நல்ல பராமரிப்புக் கிடைக்க வேண்டும், சிகிச்சை வெற்றியா என்பதைத் தராசில் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். பலன் இருக்கிறதா? 2005இல் கலிபோர்னியாவில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. திரும்பத் திரும்ப டயட் இருந்து களைத்த 78 பருமனான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழமையான டயட். மற்றதுக்கு, பசியையும் நிறைவையும் கவனித்துச் சாப்பிடுவதும், உடம்பை ஏற்றுக்கொள்வதும், விருப்பத்தோடு உடலசைவும். ஆறு மாதத்துக்குள் டயட் குழுவில் 41 வீதமானவர்கள் விட்டுப் போனார்கள், மற்றக் குழுவில் 8 வீதம். இரண்டு வருடத்தின் பின் டயட் குழுவில் குறைந்த நிறை பெரும்பாலும் திரும்பிவிட்டது. மற்றக் குழுவின் நிறை குறையவில்லை, ஆனால் மனச்சோர்வும் தன்மதிப்பும் சாப்பாட்டுப் பழக்கமும் மேம்பட்ட நிலையில் நின்றன. சின்ன ஆய்வுதான். பிறகு வந்தவற்றிலும் மனதுக்குக் கிடைத்த பலன் தெளிவாகத் தெரிகிறது. குருதி அளவுகளில் கிடைத்த பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மெலிய வேண்டும் என்பதற்காக இந்த உளவளத்துணைக்குப் போனால் ஏமாற்றம்தான் வரும்.

எங்கள் ஊரில் இந்த வெட்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 90களில் போரும் பொருளாதாரத் தடையும். 1995 ஒக்டோபரில் வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் குடாநாட்டுக்கு வரும் பாதை பூட்டிய பிறகு மாவுக்கும் சீனிக்கும் வரிசை. அந்தக் காலத்தில் "மெலிஞ்சு போனாய்" என்பது பயத்தோடு சொல்லப்பட்ட வார்த்தை. கோப்பையில் ஒரு பருக்கை விடக் கூடாது என்று வளர்த்த அம்மாமாருக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் விட்ட பாணை நீங்கள் எறிய முடியாமல் சாப்பிடுவதும் அங்கேயிருந்து வருவதுதான். அதே அம்மாமாரும் பெரியம்மாமாரும் இப்போது கல்யாணப் பேச்சுக்கு அனுப்பும் படத்தில் பிள்ளை ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். "சாப்பிடு, சாப்பிடு" என்று ஒரு கையால் போட்டு, "உடம்பைப் பார்" என்று மறுவாயால் சொல்கிற வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தன் பசியில் எப்படி நம்பிக்கை வரும்? பெரியம்மாவும் அன்பில்லாமல் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் அது காயம்தான், அதைக் காயம் என்று ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு அக்கா, அரச உத்தியோகம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. கேட்டால் நேரமில்லை என்பார். உண்மையான காரணம் அலுமாரியில் இருந்தது. பிள்ளை பிறப்பதற்கு முந்திய அளவில் தைத்த சாறிச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மடிப்புக் குலையாமல். புதுச் சட்டை தைக்கும்போதும் அந்தப் பழைய சட்டை ஒன்றையே அளவுக்குக் கொடுத்து, "ரெண்டு பக்கமும் துணி விட்டு வையுங்கோ, நான் குறைப்பன்" என்று சொல்லிவிட்டு வருவார். அது ஏறாது. மறுபடி அலுமாரிக்குள் போகும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் ஒரு தண்டனை.

நாங்கள் முதலில் செய்தது அவருடைய சாப்பாட்டை ஒழுங்காக்கியது: காலையில் வயிறு நிறைய, பத்தரைக்கு ஏதாவது, மத்தியானம் இருந்து சோறு. இரவில் அள்ளிச் சாப்பிடுவது அதோடு தணிந்தது. அதற்குப் பிறகுதான் சட்டை. தையல்கார அம்மாவிடம் போய், அளவு நாடாவை இன்றைய உடம்பில் வைக்க விடுவது. இலக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. இதற்கு முன் பல வாரம் கதைத்தோம், தன் கையை, வயிற்றைத் தீர்ப்பு இல்லாமல் விவரிக்கப் பழகினார். "அசிங்கமான கை" என்பதிலிருந்து "மேல் கை அகலம், தழும்பு ஒன்று இருக்கு, பிள்ளையைத் தூக்கின கை" என்பது வரைக்கும் வருவதற்கு நேரம் எடுத்தது. சட்டை தைத்து முடிந்ததும் ஒரு குடிபூரலுக்குப் போனார். முதல் அரை மணித்தியாலம் யார் தன் கையைப் பார்க்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு யாரோ மகனின் உயர்தரப் பெறுபேற்றைப் பற்றிக் கேட்க, கதையில் இறங்கிவிட்டார். அவர் நிறை மாறவில்லை. பழைய சட்டைகளை ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

உங்கள் விடயத்தில் சட்டையை விட நேர அட்டவணைதான் முதல். உங்களோடு இருந்து ஒரு தாளில் ஒரு கிழமையை எழுதிப் பார்க்கிற ஆள் வேண்டும். எந்த ரியூசன் வகுப்பை விடலாம், மாமியின் கிளினிக் நாளுக்கு மச்சாள் போக முடியுமா, அதிபரின் இரவு நேரச் செய்திக்கு விடிந்தபின் பதில் போட்டால் என்ன நடக்கும், கணவர் வரும் இரண்டு நாளிலும் நீங்கள் விருந்து சமைப்பதா அல்லது அவர் குசினிக்குள் வருவதா. கணவரோடு ஒருமுறை சேர்ந்து வருவது மிக நல்லது. மூச்சுப் பயிற்சியும் தியானமும் உதவும்தான், ஆனால் பதினேழு மணித்தியால நாளை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் சீராக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது சீனி வருத்தம். மாமிக்கு இருக்கிறது, உங்களுக்கும் பயம். எங்கள் பிராந்திய மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே அது வருகிறது, மெலிந்தவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டியில் 23, 27.5 என்ற தாழ்ந்த எல்லைகளை முன்வைத்தது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு. 2017இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள் கடுமையான நிறைக்குறைப்புத் திட்டத்தில் இருந்தபோது ஒரு வருடத்தில் 46 வீதமானவர்கள் மருந்தில்லாமல் சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டாம் வருடம் 36 வீதம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நான் செய்வது அநியாயம். உங்கள் வைத்தியர் ஒருநாள் அப்படி ஒரு வழியைச் சொன்னால், விபரம் கேட்டு, விருப்பப்பட்டால் செய்யலாம். அது மரியாதைக்கு முன்நிபந்தனையாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் வாதம். நிறை அசையாமலே சீனிக்கும் பிரஷருக்கும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிட நடை, வெள்ளைப் பச்சரிசிமாவோடு குரக்கன் மாவும் கலந்த புட்டு, கோப்பையில் மரக்கறியும் முருங்கையிலை வறையும் கூட, போதிய நித்திரை, குளிசையை விடாமல் போடுவது. நடப்பதற்குப் பண்ணைக் கடலோரப் பக்கம் காலையில் ஆட்கள் வருகிறார்கள்; ஆட்களுக்கு முன் நடக்க வெட்கமென்றால் முற்றத்தில் நடக்கலாம், சைக்கிளை எடுக்கலாம். எண்ணெய் கிடைக்காத காலத்தில் இந்தக் குடாநாட்டுப் பெண்கள் எல்லா உடம்போடும் சைக்கிளில்தான் போய் வந்தார்கள்.

வெட்கம் உடம்பையும் கெடுக்கும். தராசுக்குப் பயந்து கிளினிக்கை விடுகிறவர்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒரு இடத்தில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்க நிறையைச் சத்தமாக வாசித்தார்கள். ஒரு அம்மா அதோடு பிரஷர் குளிசை எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டார். நீங்கள் கேட்கலாம்: "மிஸ், நான் திரும்பி நிக்கிறன், இலக்கத்தை எழுதுங்கோ, வாசிக்க வேண்டாம்." கர்ப்ப காலம், மயக்க மருந்து, இதய வருத்தத்தில் நீர் கட்டுவது, காரணமில்லாமல் திடீரென மெலிவது, இப்படியான இடங்களில் நிறை உண்மையிலேயே தேவை. மற்ற நேரம் தேவையா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

களைப்புக்கு முதலில் குருதிப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்: ஈமோகுளோபின், தைரொயிட், சீனி. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள். முகநூலில் விற்கிற மெலிவுத் தூளையும் தேயிலையையும் தொடவேண்டாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து இப்படியான பொருட்களில் ஒளித்துக் கலக்கப்பட்டது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

யாரிடம் போவது? "நிறையை அளவுகோலாக வைக்காத உளவளத்துணை" என்று இங்கே பெயர்ப்பலகை எதையும் நான் கண்டதில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. முதல் நாளே நேராகச் சொல்லுங்கள்: "எனக்குக் களைப்பும் வெட்கமும்தான் பிரச்சினை. மெலியிறதுக்கு உதவி கேட்டு வரேல்லை." அந்த ஆள் அதைக் கேட்டுக்கொண்டு உங்கள் நாளைப் பற்றி விசாரித்தால் இருங்கள். அடுத்த வசனமே "ஆனால் கொஞ்சம் குறைச்சால் நல்லம்தானே" என்று வந்தால் வேறு ஆளைத் தேடலாம். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல் போனால், சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றினால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம்.

பெரியம்மாவுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "பெரியம்மா, உடம்புக் கதை வேண்டாம், பிள்ளையளின்ர படிப்பைக் கேளுங்கோ" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போங்கள். திரும்பச் சொன்னால் அதே வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கள்.

மகளிடம் "நீ மெல்லிசுதானே" என்று சொல்லிவிடாதீர்கள். மெல்லிசாக இருந்தால்தான் சரி என்பதே அவளுக்கு அதில் கேட்கும். வயிற்றை ஏன் இழுக்கிறாய், யாராவது ஏதும் சொன்னவையோ என்று கேளுங்கள். பெரியபிள்ளையாகும் வயதில் இடுப்பும் தொடையும் அகலிப்பது வளர்ச்சி என்று சொல்லிவையுங்கள். சாமத்தியவீட்டுக்கு முன் "கொஞ்சம் குறைக்கட்டும்" என்று யாராவது தொடங்கினால், அந்த இடத்திலேயே, அவள் கேட்க, மறுத்துச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அவளோடு இருந்து ஒரே கோப்பைப் புட்டை நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போங்கள். பிளேன்ரீ பிறகு குடிக்கலாம்.